கிராஸ் வெட்டில் ஒரு பாவாடை: மதலேன் வியோனேயின் முறையை வன்னியில் தைப்பது எப்படி

சாரி பிளவுஸின் கழுத்துக்குப் பைப்பிங் வைக்கத் தெரிந்தவர்களுக்குக் கிராஸ் துணி புதிதல்ல. துணியை மூலைக்கு மடித்து, பட்டி பட்டியாக வெட்டி, வளைவோடு இழுத்துத் தைப்போம். நேராக வெட்டிய பட்டி வளைவில் எழும்பி நிற்கும், கிராஸ் பட்டி படிந்து கிடக்கும். கழுத்துப்பட்டியில் எல்லோரும் பயன்படுத்திய இந்தக் குணத்தை முழு உடுப்புக்கும் கொண்டுபோய், அதையே ஒரு வெட்டுமுறையாக வளர்த்தவர் மதலேன் வியோனே என்ற பிரெஞ்சுத் தையற்காரி. அவருடைய உடுப்புகளைப் படத்தில் பார்த்தால் ஏதோ மந்திரம் போலத் தெரியும். ஆனால் அவர் செய்த வேலை முழுவதும் கணக்கும் பொறுமையும்தான். மிதி மெசினும் சீமெந்து நிலமும் உள்ள எந்த வீட்டிலும் அதைச் செய்யலாம்.

இங்கே தைக்கப்போவது முன் ஒன்று, பின் ஒன்று என இரண்டே துண்டுகள் கொண்ட, நடுக்கெண்டை வரை வரும் ஒரு பாவாடை. மடிப்பு இல்லை, சுருக்கு இல்லை, டார்ட்டும் இல்லை. இடுப்பில் ஒட்டி, கீழே தானாக விரியும். அளவுகள் இடுப்பு 28, இடை (உட்காரும் இடத்துச் சுற்று) 38, நீளம் 28 அங்குலம் என்று வைத்துச் சொல்கிறோம். உங்கள் அளவைப் போட்டு மாற்றிக்கொள்ளலாம்.

ஒரு முன்னெச்சரிக்கை. இது ஒரு நாளில் முடிகிற வேலை அல்ல. தைக்கும் நேரம் மொத்தம் மூன்று மணித்தியாலம்தான். ஆனால் துணி தொங்கிக் கிடக்கும் நேரம் இரண்டு, மூன்று நாள் வேண்டும். வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்கு உடுக்க வேண்டுமென்றால் ஒரு கிழமைக்கு முன்னரே துணியை வெட்டிவிடுங்கள். முதல்நாள் இரவு வெட்டி விடிய உடுத்தால், கோயில் வீதியில் நிற்கும்போதே ஒரு பக்கம் இறங்கிவிடும்.

ஏன் இறங்குகிறது

துணியில் நீளவாக்கில் ஓடுவது பாவு, குறுக்கே ஓடுவது ஊடை. நேராக வெட்டிய பாவாடையின் பாரத்தைப் பாவு நூல்கள் தாங்குகின்றன. நூல் நீளாது, ஆகவே துணியும் நீளாது. அதே துணியை 45 பாகையில் திருப்பி வெட்டினால், பாரம் விழும் திசையில் ஒரு நூலும் இல்லை. பாவும் ஊடையும் சேர்ந்து போடும் சின்னச் சின்னச் சதுரங்கள் சரிந்து சாய்சதுரங்களாகின்றன. துணி கீழ்நோக்கி நீளும், பக்கவாட்டில் ஒடுங்கும். உடம்பில் ஒட்டிப் படிவதும் இதனால்தான், பாவாடையின் கீழ்க்கரை கோணலாவதும் இதனால்தான். ஒன்றை எடுத்து மற்றதை விட முடியாது. கீழே வருகிற எல்லாப் படிகளும் இந்த ஒரே குணத்தைக் கையாளும் வழிகள்தான்.

வியோனே இதைப் படித்த பள்ளிக்கூடம் வேலைத்தளம்தான். 1876 யூன் 22 அன்று பிரான்சின் லுவாரே பகுதியில் ஷில்லேர்-ஓ-புவா என்ற ஊரில் பிறந்தவர். பன்னிரண்டு வயதளவில் படிப்பை விட்டுத் தையல் பழகப் போனார். இளவயதுக் கலியாணம் முறிந்தது, பிள்ளையும் தவறியது. லண்டனுக்குப் போய் வேலை செய்தார். திரும்பி வந்து பாரிசில் கல்லோ சகோதரிகளின் பெரிய தையலகத்தில் சேர்ந்தார். முதலில் மலிவுத் துணியில் மாதிரி வெட்டிப் பார்த்து, அது சரிவந்த பிறகே பட்டைத் தொடும் ஒழுங்கு அவருக்கு அங்கே ஊறியது. 1907இல் டூசே என்பவரின் தையலகத்துக்குப் போனார். 1912இல் ரிவோலி வீதியில் சொந்தமாகத் தொடங்கினார். இரண்டே வருடத்தில் முதல் உலகப்போர் வந்து கடையை மூடவைத்தது. போர் முடிந்த பிறகு மறுபடி தொடங்கியவர் 1920களில் மொன்தேன் அவெனியூ 50ஆம் இலக்கத்துக்கு மாறினார். போரால் பூட்டிய கடையைத் திரும்பத் திறப்பது என்றால் என்னவென்று வன்னியில் யாருக்கும் விளக்கத் தேவையில்லை.

துணி

சரியான துணியை எடுத்தால் பாதி வேலை முடிந்தது. கிளிநொச்சியிலோ வவுனியாவிலோ புடவைக்கடையில் நிற்கும்போதே ஒரு சோதனை செய்யலாம். துணியின் ஒரு மூலையில் 45 பாகையில் 10 அங்குலம் அளந்து இரு விரல்களால் பிடித்து மெல்ல இழுங்கள். 11 அங்குலம் வந்தால் நல்லது. 10ஐத் தாண்ட மறுத்தால் துணி விறைப்பு, விட்டுவிடுங்கள். 12க்கு மேல் போனால் பழகாத கைக்கு அது ஆபத்து. பிறகு எதிர் மூலைவாக்கில் அதேபோல் இழுத்துப் பாருங்கள். இரண்டு பக்கமும் ஒரே அளவாக நீளாவிட்டால் துணி ஏற்கெனவே முறுகி வந்திருக்கிறது.

முதற்தரம் தைப்பவருக்கு மென்மையான கொட்டன் வொயில் ஏற்றது. அடுத்தது றயோன். விழுகை வடிவாக இருக்கும், ஆனால் நனைந்தால் பாரமாகி நீளும். கிரேப் வகைகள் கிராஸுக்கென்றே பிறந்தவை. வியோனேக்கும் கைவந்த துணி கிரேப்தான். ஜோர்ஜெட் நழுவும், இரண்டு பாவாடை தைத்த பிறகு தொடுங்கள். பள்ளிச் சீருடைத் துணி, கெட்டிப் பொப்லின் இரண்டும் வேண்டாம், கூடாரம் போல் நிற்கும். ரீசேட் துணி தானாகவே இழுபடும், அதைக் கிராஸில் வெட்டி எந்தப் பயனும் இல்லை.

பழைய சேலை இருந்தால் அதைவிட நல்ல துணி கிடைக்காது. பல தடவை தோய்த்து இளகியிருக்கும், இனிச் சுருங்காது. கரையை மட்டும் வெட்டி எடுத்துவிடுங்கள். கரையின் நெருக்கமான நெசவு கிராஸில் இழுபடாமல் நின்று துணியைச் சுருட்டும். வெட்டிய கரையை எறிய வேண்டாம், இடுப்புக்குத் தேவைப்படும்.

எவ்வளவு துணி? இங்கே ஒரு கணக்கு இருக்கிறது. ஒரு துண்டின் மேல் அகலத்தில் பாதி, துண்டின் நீளம், கீழ் அகலத்தில் பாதி ஆகிய மூன்றையும் தையல்விடுப்போடு கூட்டி 1.4ஆல் வகுங்கள். வருவதுதான் அந்தத் துண்டு சாய்வாகக் கிடக்கத் தேவையான அகலம். எமது அளவுக்கு 8¼ + 30 + 15¼ = 53½ (இந்த அளவுகள் வந்த விதம் கீழே ‘கடதாசி வெட்டு’ பகுதியில் இருக்கிறது). வகுத்தால் ஏறக்குறைய 38 அங்குலம். 44 அங்குல அகலத் துணியில் தாராளமாக அடங்கும். நீளவாக்கிலும் ஒரு துண்டுக்கு அதே 38 அங்குலம் வேண்டும், இரண்டுக்கு 76. தலைப்பை (துணியின் வெட்டிய முனையை) நேராக்கவும் சோதனைத் தையலுக்கும் சேர்த்து 2¼ மீற்றர் வாங்குங்கள். அந்த மூன்றின் கூட்டுத்தொகை 60ஐத் தாண்டினால் 44 அங்குலத் துணியில் துண்டு அடங்காது. பாதம் வரை பாவாடை கேட்பவர்களுக்கு இதைத்தான் முதலில் சொல்ல வேண்டும்.

வியோனேக்கும் இதே சிக்கல்தான். அவர் துணி ஆலைக்காரரிடம் வழக்கத்தை விட மிக அகலமாகக் கிரேப் நெய்யச் சொல்லி வாங்கினார். நாங்கள் அப்படிக் கேட்க முடியாது. நீளம் வேண்டுமென்றால் கீழ் மூலையில் அதே துணியில் ஒரு முக்கோணத்தை இணைக்கலாம். இணைப்புத் தையல் பாவு வழியாகவோ ஊடை வழியாகவோ ஓட வேண்டும். அப்போது அந்தத் தையல் நீளாது, கண்ணுக்கும் அதிகம் தெரியாது.

வாங்கிய துணியை வெட்டுமுன் வெறும் தண்ணீரில் ஊறவைத்து, நிழலில் காயவிடுங்கள். கிணற்றுத் தண்ணீர் காவி என்றால் வெளிர்நிறத் துணியை அதில் போடாமல் வடித்த தண்ணீரில் ஊறவிடுங்கள். காய்ந்த பிறகு குறுக்கே ஒரு ஊடை நூலை உருவி, அது விட்ட கோட்டில் தலைப்பை நேராக வெட்டுங்கள். கிழித்தால் விளிம்பு நெளியும்.

முதலில் பொம்மைக்கு

வியோனே படம் கீறி வேலை தொடங்கியவர் அல்ல. பாதி அளவான ஒரு மரப்பொம்மையைச் சுழலும் பியானோ முக்காலியில் நிறுத்தி, துணியை அதன்மேல் போட்டு, குண்டூசி குத்தி, வெட்டிப் பார்ப்பார். பொம்மையில் சரிவந்ததைத்தான் ஆள் அளவுக்குப் பெருப்பிப்பார். துணி வீணாகாமல் பழக இதைவிட நல்ல வழி இல்லை.

ஒன்றரை லீற்றர் சோடாப் போத்தலில் மணலை நிரப்பி மூடுங்கள். மேற்பகுதியில் பழந்துணியைச் சுற்றிச் சுற்று 14 அங்குலம் வரக் கட்டுங்கள், அது இடுப்பு. அதற்கு 4 அங்குலம் கீழே 19 வரும்வரை தடிப்பாகச் சுற்றுங்கள், அது இடை. போத்தலை ஒடுங்கிய பால்மாப் பேணி ஒன்றின்மேல் வைத்தால் பாவாடை நிலத்தில் முட்டாது. கீழே சொல்லும் அளவுகள் எல்லாவற்றையும் பாதியாக்கி, அரை மீற்றர் பழைய வொயிலில் வெட்டிப் பொருத்துங்கள். அரை மீற்றரில் இரண்டு துண்டும் பக்கத்துக்குப் பக்கம் அடங்கும்.

பொம்மை எதைச் சொல்லும், எதைச் சொல்லாது என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். விரிவு எங்கே தொடங்குகிறது, பக்கத்தையல் முறுகுகிறதா, இடுப்பு வளைவு சரியா என்பதெல்லாம் தெரியும். துணி எவ்வளவு இறங்கும் என்பது தெரியாது. நீளம் பாதியானால் கீழே தொங்கும் பாரமும் பாதிதான், ஆகவே பொம்மைப் பாவாடை நாலில் ஒரு பங்கு அளவே இறங்கும். பொம்மையில் கரை நேராக நின்றதை நம்பி ஆளுக்குக் கரை மடித்தால் ஏமாந்து போவீர்கள்.

கடதாசி வெட்டு

பழைய பேப்பரை ஒட்டி 32 அங்குலச் சதுரமாக்கி, நடுவில் ஒரு நேர்கோடு போடுங்கள். இந்த நடுக்கோடுதான் பின்னால் 45 பாகைக் கோட்டில் கிடக்கப் போகிறது. கோட்டின் ஒரு பக்கத்துக்கான அளவுகள் இவை, மறுபக்கத்துக்கு அப்படியே மடித்து எடுக்கலாம்.

இடுப்பில் 7 அங்குலம், அதாவது 28இல் நாலில் ஒன்று. 8 அங்குலம் கீழே, இடையில் 9½. இதற்கு மேல் தளர்ச்சி கூட்ட வேண்டாம், கிராஸ் துணியே இளகிக் கொடுக்கும். தளர்ச்சி விட்டு வெட்டினால் இடையில் தொளதொளவென்று நின்று முழு வடிவமும் கெடும். 28 அங்குலத்தில், கரையில் 14. இடுப்புக்கோட்டைப் பக்கத்தில் அரை அங்குலம் உயர்த்தி வளைத்துக் கொள்ளுங்கள். கரைக்கோட்டைப் பக்கத்தில் ஒரு அங்குலம் உயர்த்துங்கள், இல்லாவிட்டால் பக்கங்கள் வால் போல் நீளும்.

தையல்விடுப்பு: பக்கங்களில் 1¼ அங்குலம், இடுப்பில் ½, கரையில் 1½. பக்கத்தில் இவ்வளவு ஏன் என்று கேட்கலாம். தொங்கும்போது துணி ஒடுங்கும். அரை அங்குலம் மட்டும் விட்டவர்களுக்குப் பிறகு விரிக்க இடமிருக்காது.

வெட்டுதல்

சீமெந்து நிலத்தைக் கூட்டித் துடைத்து, துணியை ஒற்றையாக, நல்ல பக்கம் மேலே வர விரியுங்கள். பாய்மேல் வெட்டக்கூடாது, ஓலைப் பின்னலின் மேடுபள்ளத்தில் துணி நகரும். சோளகம் அடிக்கும் நாளென்றால் கதவைச் சாத்துங்கள். துணியைக் கையால் தடவி நேராக்காமல், தூக்கி விழவிட்டு நேராக்குங்கள். தடவும்போதே கிராஸ் இழுபட்டுவிடும்.

நூல் உருவி நேராக்கிய தலைப்பை ஒரு பக்கக் கரையோடு பொருந்த மடியுங்கள். மடிப்பு விழும் கோடுதான் 45 பாகை. விரலால் அழுத்தி, விரித்து, அந்தக் கோட்டில் சோக்கால் கோடு போடுங்கள். கடதாசியின் நடுக்கோட்டை அதன்மேல் வைத்து, குண்டூசியை விடக் கற்கள், போத்தல் மூடிகள், சுமையான கத்தரிக்கோல் என்று எதையாவது பாரம் வையுங்கள். குண்டூசி குத்தும்போது துணி தூக்குப்பட்டுக் கோடு விலகும். சுற்றிக் கோடு போட்டு, கடதாசியை எடுத்துவிட்டு, நிலத்திலிருந்து துணியைத் தூக்காமல் நீளமான வெட்டுகளாக வெட்டுங்கள்.

இனி, அதிகம் பேர் பிழைவிடும் இடம். முன்துண்டின் நடுக்கோடு வலப்பக்கம் சாய்ந்து கிடந்தால், பின்துண்டின் நடுக்கோடு இடப்பக்கம் சாய வேண்டும். ஒரே திசையில் இரண்டையும் வெட்டினால், பக்கத்தையலில் பாவுக்குக் கிட்ட ஓடும் விளிம்பு ஊடைக்குக் கிட்ட ஓடும் விளிம்போடு சேரும். இரண்டும் ஒரே அளவாக நீளாது. பாவாடை நடக்க நடக்கக் காலைச் சுற்றித் திருகும், பக்கத்தையல் முன்னுக்கு வந்து நிற்கும். இதைத் தைத்த பிறகு சரிக்கட்ட வழியில்லை. கோடுபோட்ட துணியில் இது கண்ணுக்கே தெரியும். சரியாக வெட்டியிருந்தால் பக்கத்தையலில் கோடுகள் அம்புமுனை போலச் சந்திக்கும்.

வெட்டிய கையோடு, துண்டைத் தூக்குமுன், இடுப்புவிளிம்புக்குப் பாதுகாப்புக் கொடுக்க வேண்டும். சேலைக்கரையிலிருந்தோ தோய்த்த பழைய வேட்டிக்கரையிலிருந்தோ கால் அங்குல நாடா வெட்டி, அதில் 14 அங்குலத்தை அளந்து குறியுங்கள். அதற்குத் துண்டின் இடுப்புக்கோட்டைப் பொருத்திக் கையால் நூலோடுங்கள். துணி 14½ ஆகியிருந்தால் நாடாவுக்கு ஏற்பத் துணியை அடக்குங்கள், துணிக்கு ஏற்ப நாடாவை விடாதீர்கள். இந்த நாடா இல்லாத கிராஸ் இடுப்பு ஒரு மாதத்தில் 30 அங்குலமாகும்.

தொங்கவிடுதல்

பக்கங்களை அரை அங்குல நீளக் கைத்தையலால் தற்காலிகமாக இணையுங்கள். நேரான தடி ஒன்றில் இடுப்பை இரண்டு அங்குலத்துக்கு ஒரு கிளிப் வீதம் பொருத்தி, காற்றுப்படாத உள்ளறையில் தொங்கவிடுங்கள். இரண்டு கிளிப்பில் தொங்கவிட்டால் அந்த இரண்டு இடத்திலும் கொம்பு முளைத்தது போல் துணி இழுபடும்.

வொயிலுக்கு ஒரு முழு நாள், றயோனுக்கும் கிரேப்புக்கும் இரண்டு நாள். மாரியில், வாடை வீசி ஈரம் நிற்கும் நாட்களில் றயோன் இன்னும் கூட இறங்கும், ஒரு நாள் கூட்டி விடுங்கள். ஒரு அங்குலத்திலிருந்து மூன்று அங்குலம் வரை இறங்கலாம். பதறத் தேவையில்லை. இப்போது இறங்குவது உடுத்த பிறகு இறங்காது.

இறக்கிய பின் உடம்பில் போட்டுப் பாருங்கள். இடையில் இறுக்கினால் பக்கத் தையலைக் கால் அங்குலம் வெளியே தள்ளிக் குறியுங்கள். இதற்குத்தான் அந்த 1¼ அங்குலம்.

தைத்தல்

ஊசி 11ஆம் இலக்கம், புதியது. மழுங்கிய ஊசி கிராஸில் நூலை இழுத்து வரிவரியாகக் கோடு போடும். நூல் பொலியஸ்ரர். மலிவுக் கொட்டன் நூல் இழுபட்டதும் அறும். தையல் அங்குலத்துக்கு 12. மேல்நூல் இறுக்கத்தை ஒரு எண் குறையுங்கள். மெசினின் தலையில் கால்தகட்டை அழுத்தும் திருகு இருந்தால் அதையும் கொஞ்சம் தளர்த்துங்கள், இல்லாவிட்டால் மேல்துணி முன்னுக்குத் தள்ளுப்படும்.

கரையிலிருந்து இடுப்பை நோக்கித் தையுங்கள், அகலத்திலிருந்து ஒடுக்கத்துக்கு. மெசினுக்கு முன்னும் பின்னும் துணியைப் பிடித்து, மெல்லிய இழுவை கொடுத்தபடி மிதியுங்கள். துணி கொஞ்சம் நீண்ட நிலையில் தையல் விழ வேண்டும், அப்போதுதான் பிறகு துணி நீளும்போது தையலும் இடம் கொடுக்கும். சிக்சாக் உள்ள மெசின் என்றால் அகலம் அரை மில்லிமீற்றர், நீளம் இரண்டரை மில்லிமீற்றர் வைத்தால் இந்த இழுவை தேவையில்லை.

வெட்டுத்துண்டில் 10 அங்குலம் தைத்துச் சோதியுங்கள். இழுத்தால் டக் டக் என்று நூல் அறும் சத்தம் கேட்டால், இறுக்கம் கூட, அல்லது தையல் நீளம். தையல் வழியே துணி சின்னச் சின்னதாகச் சுருங்கினால் இழுவை போதாது. மாறாக, விளிம்பு கடல் அலை போல வளைந்தால் அளவுக்கு மிஞ்சி இழுத்திருக்கிறீர்கள். இரண்டும் ஒன்று போலத் தெரிந்தாலும் மருந்து எதிரெதிர்.

ஓவர்லொக் அடிப்பதானால் கவனம், அதன் பற்கள் கிராஸ் விளிம்பை நீட்டிவிடும். கிராஸில் வெட்டிய விளிம்பு நேர்விளிம்பைப் போல அதிகம் பிரியாது. ஒரு வரி தைத்து, அதற்கு வெளியே கத்தரித்து விட்டாலே போதும்.

இடப்பக்கத் தையலில் மேலே 7 அங்குலம் சிப்புக்கு விடுங்கள். சிப் போகும் இரு விளிம்பிலும் முன்பு சொன்ன கரைநாடாவை வைத்து நூலோடிய பிறகே சிப்பைத் தொட வேண்டும். கிராஸ் துணியும் நீளாத சிப்பும் நேரடியாகச் சேர்ந்தால் இடையில் பாம்பு நெளிவது போல் எழும்பும். முதலில் கையால் பொருத்தி, பாவாடையைத் தொங்கவிட்டுப் பார்த்து, பிறகு மெசினில் தையுங்கள். இடுப்புப்பட்டியை நேர்த்துணியில் வெட்டுங்கள், கிராஸில் அல்ல. வியோனேயின் பல உடுப்புகளுக்குக் கொக்கியும் இல்லை, பொத்தானும் இல்லை, தலைவழியே போட்டுக்கொள்வதுதான். அது பழுத்த கைக்கு.

கரை

தைத்த பாவாடையை இன்னுமொரு இரவு தொங்கவிடுங்கள். அடுத்த நாள் உடுப்பவரை வாங்கின்மேல் நிறுத்துங்கள். அவர் அசையக்கூடாது, குனிந்து பார்க்கவும் கூடாது, குனிந்தால் பின்கரை ஏறும். இன்னொருவர் அடிமட்டத்தை வாங்குப் பலகையில் நிமிர்த்தி வைத்து, 11 அங்குல உயரத்தில் சுற்றிவரச் சோக்கால் குறிக்க வேண்டும். திரும்புவது குறிப்பவர்தான், நிற்பவர் அல்ல. ஒரு பக்கத்தையல் பாவுக்குக் கிட்டவும் மற்றது ஊடைக்குக் கிட்டவும் ஓடுவதால், இரண்டு பக்கமும் சமமாக இறங்கியிருக்காது. அரை அங்குல வித்தியாசம் வழமை.

குறித்த கோட்டுக்குக் கீழே அரை அங்குலம் விட்டு மிச்சத்தை வெட்டுங்கள். கால் அங்குலம் மடித்து, மறுபடி கால் அங்குலம் மடித்து, கையால் தளர்வாக ஒட்டித் தையுங்கள். அகலமான கரை மடிப்பு வேண்டாம். அதன் பாரமே துணியை மீண்டும் இழுக்கும், வளைவில் மிஞ்சும் துணியும் சுருக்குப் போடும். றேந்தை வைக்க ஆசைப்படுபவர்கள் மெல்லியதாக, தளர்வாக வையுங்கள்.

அயன் பெட்டியைத் தேய்க்கக்கூடாது. தூக்கி வைத்து, அழுத்தி, தூக்கி எடுக்க வேண்டும். தேய்த்தே ஆகவேண்டுமென்றால் பாவு வழியாகத் தேய்க்கலாம், மூலைவாக்கில் ஒருபோதும் இல்லை.

பதிந்து வைத்தல்

பாவாடை சரிவந்தால், கடதாசி வெட்டில் திகதி, துணி, எத்தனை அங்குலம் இறங்கியது, பக்கத்தில் எவ்வளவு திருத்தினீர்கள் என்பதை எழுதுங்கள். பிறகு முன், பக்கம், பின் என்று மூன்று படம் போனில் எடுத்து வையுங்கள். இதுவும் வியோனேயிடமிருந்து எடுத்ததுதான். திருட்டுப் பிரதி பாரிசில் அப்போது பெரிய தொல்லை. தன் உடுப்பு ஒவ்வொன்றையும் முன், பின், பக்கம் தெரியப் படமெடுத்து அல்பங்களில் ஒட்டி வைத்தார். உடுப்பின் லேபிளில் தன் பெருவிரல் அடையாளத்தையும் பதித்தார்.

அவருடைய தையலகத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் வேலை செய்தார்கள். சம்பளத்தோடு விடுமுறை, சாப்பாட்டு அறை, வைத்தியர் எல்லாம் அங்கே இருந்தன. தைப்பவர்களுக்கு முக்காலிக்குப் பதிலாகச் சாய்மனை உள்ள கதிரை கொடுத்தார். நாள் முழுக்க மெசினுக்கு முன் குனிந்திருப்பவர்கள் இந்த ஒன்றையாவது அவரிடமிருந்து பிடித்துக்கொள்ளலாம். 1939இல் இரண்டாம் உலகப்போரோடு கடையை மூடினார். பிறகு திறக்கவில்லை. 1952இல் கைவசம் இருந்த உடுப்புகளையும் அல்பங்களையும் பிரான்சின் உடைக்கலைச் சங்கத்துக்குக் கொடுத்தார். 1975 மார்ச் 2 அன்று, 98 வயதில், பாரிசில் காலமானார். கடை மூடி முப்பத்தைந்து வருடத்துக்குப் பிறகு இறந்த ஒருவரின் வெட்டை இன்றும் துண்டு துண்டாகப் பிரித்துப் படிக்க முடிகிறதென்றால், அந்தக் கொடைதான் காரணம். சேகரிப்பு இப்போது ரிவோலி வீதியில் உள்ள அலங்காரக் கலைகள் அருங்காட்சியகத்தில் இருக்கிறது, அவர் முதற்கடை திறந்த அதே வீதி. பாரிசில் ஒரு உறவாவது இல்லாத வீடு வன்னியில் குறைவு. போய்ப் பார்க்கச் சொல்லலாம், ஆனால் அந்த உடுப்புகள் எப்போதும் காட்சிக்கு வைக்கப்படுவதில்லை.

தோய்ப்பதும் வைப்பதும்

கையால் தோயுங்கள், முறுக்கிப் பிழிய வேண்டாம். துவாயில் சுருட்டி அழுத்தித் தண்ணீரை எடுத்து, நிழலில் பாய்மேல் விரித்துக் காயவிடுங்கள். ஈரத்தோடு இடுப்பைக் கிளிப் போட்டுக் கொடியில் தொங்கவிட்டால், முக்கியமாக றயோனுக்கு, நீங்கள் நேராக்கிய கரை அன்றைக்கே போய்விடும். கொடியை விட்டால் வேறு வழியில்லை என்றால், பாதியாக மடித்து நடுவில் விழும்படி போடுங்கள்.

அலுமாரியில் கொழுவி வைக்காதீர்கள், மடித்துக் கிடத்துங்கள். கிராஸ் வெட்டு உடுப்புகளை அருங்காட்சியகங்களும் கிடத்தித்தான் வைக்கின்றன. இரண்டு மூன்று தோய்ப்புக்குப் பிறகு ஒருமுறை வாங்கில் ஏறி நின்று கரையை மறுபடி அளந்து பாருங்கள். கால் அங்குலம் ஏறி இறங்கியிருந்தால் விட்டுவிடலாம். அரை அங்குலத்தைத் தாண்டினால் கரைத் தையலை மட்டும் பிரித்து, நேராக்கி மடியுங்கள். பக்கத்தையலைத் தொட வேண்டாம்.